அத்தியாயம் 6: கைக்கு வந்தது கண்ணுக்கு வரும் வரை

காரைதீவில் தாளத்துக்குப் பஞ்சமில்லை. வைகாசிச் சடங்கு தொடங்கிவிட்டால் கண்ணகை அம்மன் கோயிலில் உடுக்கும் பறையும் ஒலிக்கும். வடக்கே கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டவர் பெயரால் கொடியேறும் நாட்களில் பக்கீர்மார் றபான் தட்டிப் பைத் பாடுவார்கள். தெற்கே அக்கரைப்பற்று வரையுள்ள முஸ்லிம் ஊர்களில் பொல்லடி பழகிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் பாண்ட் குழுவின் சைட் டிரம் சத்தம் வீதி வரை கேட்கும். இந்தக் கரையில் வளரும் பிள்ளையின் காதில், முதலாம் வகுப்புக்குப் போகும் முன்பே தாளம் ஏறிவிடுகிறது. மத்தளத்தையோ டிரம் குச்சியையோ கொடுத்தால் கேட்டதை அப்படியே அடித்துக் காட்டுவான்.

தாளைக் கையில் கொடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

வட இலங்கைச் சங்கீத சபையின் மிருதங்கப் பரீட்சைக்குப் போகும் மாணவனுக்குச் செயன்முறையோடு அறிமுறையும் உண்டு. வாசித்ததைத் தாள அமைப்போடு எழுதிக் காட்ட வேண்டும். டிரினிட்டி போன்ற லண்டன் சபைகளின் டிரம் செட் பரீட்சைக்குப் போனால் ஐந்து கோட்டு எழுத்தைப் பார்த்து அடிக்க வேண்டும். நேற்று வரை வகுப்பில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன் இந்த இடத்தில் திடீரென்று ஆரம்ப மாணவன் ஆகிவிடுகிறான். பலர் மேளத்தையே விட்டுவிடுவதும் இந்தக் கட்டத்தில்தான். அப்படி விடாமல் இருப்பதற்கான வழிகள் இந்த அத்தியாயத்தில் இருக்கின்றன. மாணவனுக்கும், அவனுக்குச் சொல்லிக் கொடுப்பவருக்கும், வீட்டில் அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் உம்மா வாப்பாவுக்கும் அம்மா அப்பாவுக்கும் சேர்த்தே இது எழுதப்பட்டிருக்கிறது.

தடுமாற்றம் எங்கே

காதால் பழகிய பிள்ளைக்குப் பாடம் மிக விரைவில் மனப்பாடமாகிவிடும். ஆசிரியர் இரண்டு தடவை வாசித்துக் காட்டினால் போதும். தாளைப் பார்ப்பது போல உட்கார்ந்து, நினைவிலிருந்து வாசித்துவிடுவான். ஆசிரியருக்கும் அவன் படிக்கிறான் என்றே தோன்றும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. மூன்றாவது வரியின் நடுவில் விரலை வைத்து, அங்கிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும். எழுத்தைப் படிப்பவன் தொடங்குவான். நினைவை நம்பியிருப்பவன் முதல் வரிக்குப் போகாமல் அந்த இடத்துக்கு வர முடியாது.

நினைவாற்றல் குறையல்ல, பெரும் பேறு. அமெரிக்க ஜாஸ் டிரம் மேதை படி ரிச் (1917–1987) இசை எழுத்தைப் படிக்கக் கற்றவர் அல்லர். அவருடைய பாண்டுக்குப் புதிய உருப்படி வந்தால் ஒத்திகையில் வேறொரு டிரம்மர் தாளைப் பார்த்து அடிப்பார். படி ரிச் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு தானே உட்கார்ந்து அடிப்பார். மேதைமைக்கு எழுத்து கட்டாயமில்லை என்பதற்கு அவரைக் காட்டலாம். ஆனால் அவருக்காகப் படிக்க ஒருவர் பக்கத்தில் இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கல்முனையில் கல்யாண மண்டபத்துக்கு வாசிக்கப் போகும் பையனுக்கும், பரீட்சை மண்டபத்தில் தனியே உட்காரும் பிள்ளைக்கும் அப்படி ஒருவர் கிடைக்கமாட்டார்.

படிக்கும்போது வரும் தடுமாற்றம் பெரும்பாலும் மூன்று இடங்களில் நிற்கிறது. முதலாவது, குறியைக் கண்டதும் அதன் ஒலி மனதில் எழுவதில்லை. ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது, அடி இல்லாத இடம், அதாவது கார்வை. கை சும்மா இருக்கும்போது எண்ணிக்கையும் நின்றுவிடுகிறது. மூன்றாவது, தாளக் கோடு. சொற்கட்டின் நடுவே கோடு விழுந்தால் அங்கே கையும் நின்றுவிடுகிறது. மூன்றுக்கும் மருந்து ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறது. அது கையில் இல்லை, வாயில் இருக்கிறது.

முதலில் சொல்

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார், ஆட வருபவனுக்கு முதலில் தாளக்கட்டைச் சொல்லித்தான் கொடுப்பார். வடமோடியானாலும் தென்மோடியானாலும் வரவுத் தாளம் வாயில் நின்ற பிறகே காலுக்கு இறங்கும். மத்தளம் அடிப்பவரும் அதே சொல்லைத்தான் தோலில் பேசுகிறார். தவிலிலும் இதே முறைதான். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933–1975) தமிழ்நாட்டு வித்துவான்களும் வியந்து கேட்ட கணக்குகளை வாசித்தவர். அவர் வந்த மரபில் பாடம் என்பது சொல்லாகவே கைமாறியது.

இந்த முறையின் வலிமையை வெளியுலகமும் கண்டுகொண்டது. கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லினும் கஞ்சிரா வித்துவான் செல்வகணேஷும் சேர்ந்து கொன்னக்கோலைக் கற்பிக்கும் காணொளிப் பாடம் ஒன்றை 2007இல் வெளியிட்டார்கள். ஆம்ஸ்டர்டாம் இசைக் கல்லூரியில் ரஃபேல் ரெய்னா கர்நாடகத் தாள முறைகளை மேலைத்தேய மாணவருக்குப் பாடமாகவே நடத்தி, அதைப் பெரிய நூலாக எழுதியிருக்கிறார். தாளில் கரைகண்ட மேலைத்தேய மாணவன் சிக்கலான தாளத்துக்காக நம் சொல்லைத் தேடி வருகிறான். நம் பிள்ளையிடம் அந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. அவன் கற்க வேண்டியது தாளை மட்டும்தான். பாதி வழி கடந்தாயிற்று என்பதை ஆசிரியர் முதல் வகுப்பிலேயே அவனுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

தொடக்கப் பயிற்சிக்கு ஐந்து சொற்கட்டுகள் போதும்.

மூன்று (திஸ்ரம்): தகிட
நான்கு (சதுஸ்ரம்): தகதிமி
ஐந்து (கண்டம்): தக தகிட
ஏழு (மிஸ்ரம்): தகிட தகதிமி
ஒன்பது (சங்கீர்ணம்): தகதிமி தக தகிட

கையால் சீரான தட்டு, வாயால் சொல். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைக்க வேண்டும். கைத்தொலைபேசியில் இலவசச் செயலிகள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு சொற்கட்டையும் இரண்டு விதமாகச் சொல்லிப் பழக வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தறியாததே பிற்காலக் குழப்பங்களில் பாதிக்குக் காரணம்.

முதல் விதத்தில் ஒரு தட்டுக்குள் முழுச் சொற்கட்டும் அடங்கும். தட்டுக்கு ஒரு ‘தகிட’ என்றால் அது திஸ்ர நடை. மேலைத்தேய எழுத்தில் அதற்கு டிரிப்லெட் என்று பெயர்.

இரண்டாவது விதத்தில் தட்டு எப்போதும் நான்காகவே பிரிந்திருக்கும். ‘தகிட’ அதன் மேல் நகர்ந்து போகும். முதல் ‘த’ தட்டில் விழுந்தால் அடுத்த ‘த’ தட்டுக்குச் சற்று முன்னதாக வரும். நான்கு ‘தகிட’ முடியும்போது மூன்று தட்டு முடிந்து, இரண்டும் மறுபடி சந்திக்கும். ‘தக தகிட’ என்றால் நான்கு தடவைக்கு ஐந்து தட்டு. ‘தகிட தகதிமி’ என்றால் நான்கு தடவைக்கு ஏழு தட்டு. சந்திக்கும் இடத்தைக் காது தானாக எதிர்பார்க்கத் தொடங்கும் வரை இதைச் சொல்ல வேண்டும்.

நம் எழுத்து

மிருதங்கப் பாடம் எழுதும் முறையில் குறிகள் அதிகமில்லை. தாளத்தின் உறுப்புகளுக்குக் குத்துக்கோடு, ஆவர்த்தன முடிவுக்கு இரட்டைக் கோடு. ஒரு மாத்திரைக் கார்வைக்குக் காற்புள்ளி, இரண்டு மாத்திரைக்கு அரைப்புள்ளி. சொல்லின் தலைக்கு மேல் ஒரு கோடு இழுத்தால் வேகம் இரட்டிக்கும்; இரண்டு கோடு இழுத்தால் அதுவும் இரட்டிக்கும்.

ஆதி தாளத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு அட்சரம்: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. அட்சரத்துக்கு நான்கு மாத்திரை வைத்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. ஒரு சாதாரண ஆவர்த்தனம் தாளில் இப்படி நிற்கும்:

தகதிமி தகஜொணு தகதிமி தகஜொணு | தகதிமி தகஜொணு | தகதிமி தகஜொணு ‖

இதைப் படிக்க யாரும் தடுமாறமாட்டார்கள். அடுத்ததைப் பாருங்கள்:

தகதிமி தகஜொணு தகதிமி தகஜொணு | தகதிமி; தக | திமி; தகதிமி ‖

கோட்டுக்குப் பிறகு மூன்று ‘தகதிமி’, இடையில் இரண்டு மாத்திரைக் கார்வை. வாயால் சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் வரும். தாளில் இரண்டாவது ‘தகதிமி’யைக் கோடு நடுவில் வெட்டியிருக்கிறது. தெரிந்த சொற்கட்டையே பிள்ளை அடையாளம் காண்பதில்லை. ‘தக’ என்று ஒன்று, ‘திமி’ என்று இன்னொன்று என்று படிக்கிறான். இந்தக் கரையில் எந்த வகுப்பிலும் அந்த நேரத்துப் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

“எங்க மனே புடிபடல்ல?”

“தக அடிச்ச உடன கோடு வருது சேர். அதுல நிண்டுர்றன்.”

“கோடு உன்ட கைக்கு. சொல்லு உன்ட வாய்க்கு. மேளத்தத் தள்ளி வெச்சிட்டு மூணு தகதிமியையும் வாயால சொல்லு. கை மட்டும் தாளம் போடட்டும்.”

சேர் சொல்வதில் முழுப் பாடமும் இருக்கிறது. தாளக் கோடு தட்டு எங்கே விழுகிறது என்பதைக் காட்டுகிறது. சொற்கட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அது காட்டுவதில்லை. இரண்டாவது ‘தகதிமி’யின் ‘தி’யில் ஏழாவது அட்சரத்தின் தட்டு விழுகிறது. மூன்றாவது ‘தகதிமி’ கடைசி வீச்சில் தொடங்குகிறது. இந்த இரண்டு இடங்களையும் பென்சிலால் வட்டமிட்டு, சொற்கட்டின் கீழே ஒரு வளைகோடு இழுத்துக் கொடுத்தால் பிள்ளையின் கண்ணுக்கு மூன்று ‘தகதிமி’யும் தெரிந்துவிடும். இப்படி வளைகோடு போடுவதை ஒரு மாதத்துக்குப் பிறகு மாணவனே செய்ய வேண்டும். அதற்கும் பிறகு கோடு தேவைப்படாது.

கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தல்

காரைதீவின் பெயரை உலகுக்குச் சொன்ன சுவாமி விபுலானந்தர் (1892–1947) லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்விலும் தேறியவர். இரண்டு படிப்பும் சேர்ந்ததால்தான் ‘யாழ் நூல்’ பிறந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை அடிப்படையாகக் கொண்டு, பழைய யாழ்களின் நரம்புக்கும் சுரத்துக்கும் உள்ள உறவை எண்ணும் அளவுமாகக் கணக்கிட்டுக் காட்டினார். நூல் 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். அதே அரங்கேற்று காதை தண்ணுமை ஆசிரியனுக்கும் இலக்கணம் சொல்கிறது. மேளம் அடிப்பவன் ஆடலும் பாடலும் தமிழும் தாளமும் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. காரைதீவுப் பிள்ளைக்குக் கணக்கும் இசையும் ஒன்றாகப் போகும் என்பதற்குத் தூரத்து உதாரணம் தேட வேண்டியதில்லை.

தாள வாத்தியத்தில் அந்தக் கணக்கு முத்தாய்ப்பில் வருகிறது. ஒரே சொற்கட்டு மூன்று தடவை வந்து சமத்தில் விழ வேண்டும். எங்கே தொடங்குவது? காதால் மட்டும் பழகியவன் ஒவ்வொரு முத்தாய்ப்பையும் தனித்தனியே மனப்பாடம் செய்கிறான். எழுதத் தெரிந்தவன் கணக்குப் போட்டு எழுதிக்கொள்கிறான்.

முறை எளிது. சொற்கட்டின் மாத்திரையை மூன்றால் பெருக்கி, இரண்டு கார்வைகளையும் கூட்டி, வந்ததை 32இலிருந்து கழிக்க வேண்டும்.

சொற்கட்டு நான்கு, கார்வை இரண்டு: 12 + 4 = 16. மிச்சம் 16. ஐந்தாவது அட்சரத் தட்டில் தொடங்கலாம். மேலே எழுதிக் காட்டியது இதுதான்.

சொற்கட்டு ஐந்து (ததிகிணதொம்), கார்வை ஒன்று: 15 + 2 = 17. மிச்சம் 15. பதினாறாவது மாத்திரையில், அதாவது ஐந்தாவது அட்சரத் தட்டுக்கு ஒரே ஒரு மாத்திரை முன்னால் தொடங்க வேண்டும்.

சொற்கட்டு ஐந்து, கார்வை இரண்டு: 15 + 4 = 19. மிச்சம் 13. நான்காவது அட்சரத்தின் இரண்டாவது மாத்திரையில் தொடங்க வேண்டும்.

மூன்றையும் மாணவன் தன் கொப்பியில் 32 கட்டம் போட்டு நிரப்பிப் பார்க்க வேண்டும். சதுரக் கோடு போட்ட கணிதக் கொப்பி இதற்கு மிகவும் வசதி. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, கார்வைக்கு வெறும் கட்டம். நான்கு கட்டத்துக்கு ஒரு முறை தலையில் புள்ளி வைத்தால் அட்சரம் தெரியும். இப்படி எழுதியவன் வெறும் கட்டத்தையும் எண்ணித்தான் ஆக வேண்டும். கார்வையில் எண்ணிக்கை தவறும் பழக்கத்துக்கு இதைவிட நேரான மருந்து கிடையாது.

ஐந்து கோட்டு எழுத்து

சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் கர்நாடக உருப்படிகளை ஐந்து கோட்டு எழுத்தில் பெயர்த்து 1893இலேயே நூலாக வெளியிட்டார். தமிழ்த் திரையிசையில் இளையராஜா வாத்தியக்காரர் ஒவ்வொருவருக்கும் அந்த எழுத்தில் எழுதிக் கொடுத்துத்தான் ஒலிப்பதிவு செய்தார். அது அந்நிய எழுத்து என்று ஒதுங்கி நிற்கும் காலம் போய் நூறாண்டுக்கு மேலாகிறது.

டிரம் எழுத்தில் சுரத்தின் ஏற்ற இறக்கம் இல்லை. கோட்டின் உயரம் எந்தத் துண்டை அடிப்பது என்பதைச் சொல்கிறது. பொதுவாக பேஸ் டிரம் அடி இடைவெளியில், ஸ்நேர் கீழிருந்து மூன்றாவது இடைவெளியில், ஹைஹாட் உச்சிக் கோட்டுக்கு மேலே பெருக்கல் குறியாக நிற்கும். நூலுக்கு நூல் சிறு மாற்றம் இருக்கும் என்பதால் முதல் பக்க விளக்கத்தைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

நீளத்துக்குச் சொற்கட்டையே சாவியாக வைத்துக்கொள்ளலாம். 4/4 தாளத்தில் ஒரு எண்ணிக்கைக்கு ஒரு கிரொட்செட்: ‘தாம்’. அதையே இரண்டாக்கினால் குவேவர்: ‘தக’. நான்காக்கினால் செமிகுவேவர்: ‘தகதிமி’. மூன்றாக்கினால் டிரிப்லெட்: ‘தகிட’. மேலைத்தேய மாணவர் ‘ஒன், ஈ, அண்ட், ஆ’ என்று எண்ணும் இடத்தில் நம் பிள்ளை ‘தகதிமி’ சொல்கிறான். இரண்டும் ஒன்றே.

இனி இந்த அத்தியாயத்தின் முக்கியப் பயிற்சி. ‘தகதிமி’யின் நான்கு இடங்களில் ஒவ்வொன்றும் ஒலிக்கலாம், அல்லது சும்மா இருக்கலாம். அப்படியானால் மொத்தம் 16 வகை. அதில் ஒன்று முழு மௌனம். பழைய நாட்காட்டித் தாளை வெட்டி 16 அட்டை செய்ய வேண்டும். முன்பக்கம் நம் எழுத்து, பின்பக்கம் ஐந்து கோட்டு எழுத்து. ஓர் எண்ணிக்கைக்குள் அடங்கும் இந்த நான்கும் அடிக்கடி வரும்:

த , தி மி : ஒரு குவேவர், இரண்டு செமிகுவேவர்
த க தி , : இரண்டு செமிகுவேவர், ஒரு குவேவர்
த , , மி : புள்ளி வைத்த குவேவர், ஒரு செமிகுவேவர்
த க , மி : நடுவில் குவேவர், இரு பக்கமும் செமிகுவேவர்

அட்டைகளைக் கலைத்து நான்கை வரிசையாக வைத்தால் 4/4இல் ஒரு பார் ஆகிறது. முதலில் வாய், பிறகு கை. சரியாக வந்ததும் ஓர் அட்டையை மட்டும் மாற்ற வேண்டும். ஒரு வாரம் கழித்து அட்டைகளைப் பின்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். அச்சடித்த பாடத்தை மனப்பாடம் செய்துவிடும் பிள்ளையும் இதை மனப்பாடம் செய்ய முடியாது. வரிசை ஒவ்வொரு தடவையும் புதிதாக இருக்கும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை இருந்தால் ஒருவர் அடுக்க மற்றவர் படிக்கலாம்.

பிள்ளைகள் அதிகம் குழம்பும் இன்னோர் இடம் 6/8உம் 3/4உம். இரண்டிலும் ஆறு குவேவர்தான். 6/8இல் அவை மூன்று மூன்றாகக் கட்டப்பட்டிருக்கும்: ‘தகிட தகிட’. 3/4இல் இரண்டிரண்டாக: ‘தக தக தக’. 6/8 என்றதும் பயப்பட வேண்டியதில்லை. இலங்கையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அது பைலாவாகக் கையில் இருக்கிறது. பைலா அடிக்கத் தெரிந்தவனிடம் முதலில் அதையே எழுதச் சொல்ல வேண்டும். எழுதி முடித்ததும், கண்ணுக்குப் புதிதாக இருந்த கட்டு கைக்குப் பழசு என்பது அவனுக்கே தெரிந்துவிடும். பாடசாலை பாண்டில் அணிநடைக்கு அடிப்பதையும், றபானில் பழகிய அடியையும், உடுக்கின் அடியையும் இதே போல எழுதிப் பார்க்கலாம். கை அறிந்ததை எழுதிப் பழகியவனுக்கு எழுதியதைப் படிப்பது விரைவில் வந்துவிடும்.

சிக்கலான தாளங்கள்

நான்கு எண்ணிக்கைக்குள் மூன்று அடியைச் சமமாக வைப்பது எப்படி? உலகெங்கும் டிரம் மாணவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் இது. நான்கையும் மூன்றையும் பெருக்கினால் 12. ‘தகிட’வை நான்கு தடவை சொல்லி, ஒவ்வொரு ‘த’விலும் இடது கை தட்ட வேண்டும். வலது கை நான்கு எழுத்துக்கு ஒரு முறை விழ வேண்டும். எழுதிப் பார்த்தால் வலது கை விழும் இடங்கள் 1, 5, 9. முதலாவது ‘தகிட’வில் ‘த’, இரண்டாவதில் ‘கி’, மூன்றாவதில் ‘ட’. நான்காவது ‘தகிட’வில் வலது கை ஓய்வு. அவ்வளவுதான். மெதுவாகச் சொல்லி, அந்த மூன்று எழுத்தையும் உரக்கச் சொன்னால் கை தானாகத் தொடரும். வேகம் கூடியதும் வாய்க்குள் சொன்னால் போதும்.

ஐந்து, ஏழு, ஒன்பது என்று வரும் தாளங்களில் மொத்த எண்ணிக்கையை விட, அது எப்படிப் பிரிகிறது என்பதே படிப்பவனுக்கு முக்கியம். 1959இல் டேவ் புரூபெக் குழு வெளியிட்ட ‘டைம் அவுட்’ இசைத்தட்டில் ஜோ மொரெல்லோ டிரம் வாசித்த ‘டேக் ஃபைவ்’ 5/4 தாளம். அது மூன்றும் இரண்டுமாகப் பிரியும்: ‘தகிட தக’. நம் கண்ட சாபு இரண்டும் மூன்றும்: ‘தக தகிட’. எண் ஒன்று, நடை வேறு. அதே தட்டில் ‘புளூ ரோண்டோ’ ஒன்பதில் இருக்கிறது. துருக்கித் தெருவோரக் கலைஞரிடம் புரூபெக் கேட்ட தாளம் அது. பெரும்பாலும் ‘தக தக தக தகிட’ என்று போகும். நம் சங்கீர்ணம் ‘தகதிமி தக தகிட’ என்றே பழகுவதால் எழுத்தும் காதும் ஒத்துப்போகும். 7/8 என்று தாளில் கண்டால் குவேவர்கள் எத்தனை எத்தனையாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும். மூன்றும் நான்குமானால் அது மிஸ்ர சாபு. வீட்டுக்காரர் மாதிரி உள்ளே போகலாம்.

தமிழில் இதற்கென்றே ஒரு பெரும் பயிற்சிக்கூடம் இருக்கிறது. அருணகிரிநாதரின் திருப்புகழ் இன்று 1,300க்கும் மேற்பட்ட பாடல்களாகக் கிடைக்கிறது. பதிப்புகளில் பாடலின் தலையிலேயே அதன் சந்தம் ‘தன’, ‘தான’, ‘தத்த’ என்று அச்சாகியிருக்கும். காயல்பட்டினம் காசிம் புலவர் நபிகள் நாயகத்தின் மீது பாடிய திருப்புகழும் அதே சந்த மரபில் வந்தது. எந்த வீட்டுப் பிள்ளைக்கும் தனக்குரிய நூலில் இந்தப் பயிற்சி கிடைக்கும்.

கணக்கு இதுதான்: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, குறிலோடு ஒற்று சேர்ந்தால் இரண்டு. ‘தனன’ மூன்று, ‘தத்த’ மூன்று, ‘தானன’ நான்கு, ‘தந்தன’ நான்கு. ‘தனன தானன’ என்று சொன்னால் ஏழு, மிஸ்ரம் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு சந்தத்தை எடுத்து, மாத்திரையைக் குறித்து, எந்தத் தாளத்துக்கு ஒத்துவருகிறது என்று தட்டிப் பார்த்தால், தாளில் உள்ள எழுத்தைத் தாளமாகப் பார்க்கக் கண் பழகிவிடும்.

ஆசிரியர் கவனிக்க வேண்டியவை

கண் கைக்கு முன்னால் ஓட வேண்டும். இதற்கு ஒரு பழைய உத்தி உண்டு. மாணவன் வாசிக்கும்போது ஆசிரியர் ஒரு வெற்றுத் தபாலட்டையால், அவன் அடித்துக்கொண்டிருக்கும் அட்சரத்தை மறைத்துக்கொண்டே நகர வேண்டும். மறைந்ததைப் பார்க்க முடியாததால் கண் அடுத்ததுக்குப் போகும். முதலில் ஓர் அட்சரம் முன்னால், பழகியதும் இரண்டு.

படிக்கும்போது பிழை வந்தால் நிற்க விடக்கூடாது. தாளம் போகட்டும், அடுத்த சமத்தில் சேர்ந்துகொள்ளட்டும். பாடத்தைப் பழகும் நேரம் வேறு, படித்துப் பழகும் நேரம் வேறு. முதலாவதில் நின்று திருத்தலாம். இரண்டாவதில் கூடாது, மேடையில் யாரும் நமக்காக நிற்கமாட்டார்கள்.

படிக்கத் தரும் பாடம் கை வாசிக்கக்கூடியதை விட இரண்டு படி எளிதாக இருக்க வேண்டும். திறமைசாலிக்கு இது கசக்கும். ஏன் எளிது என்பதை அவனுக்கு வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். வேறு பிள்ளைகளின் முன்னால் அவன் படிப்பதைக் கேலியாகப் பேசக்கூடாது. பலர் தாளை வெறுக்கத் தொடங்குவது அந்த ஒரு நாளில்தான்.

வீட்டுக்காரருக்கு ஒரு சொல். படிப்புப் பயிற்சியில் பாதி வாயாலும் தொடையில் தட்டியும் நடப்பது. சத்தமே இல்லையே, பிள்ளை சும்மா இருக்கிறான் என்று எழுப்பிவிட வேண்டாம். லுஹருக்கும் அசருக்கும் இடையில், அல்லது கோயில் பூசை முடிந்த மாலையில், நாளுக்கு இருபது நிமிடம் கிடைத்தால் போதும்.

எட்டு வாரத் திட்டம்

1, 2ஆம் வாரம்: ஐந்து சொற்கட்டும் வாயால், இரண்டு விதமாகவும். மெட்ரோனோம் 60. மேளம் வேண்டாம்.

3ஆம் வாரம்: கணிதக் கொப்பியில் 32 கட்டம். மூன்று முத்தாய்ப்பையும் எழுதி, சொல்லி, பிறகு அடித்தல்.

4ஆம் வாரம்: கையில் ஏற்கெனவே உள்ள இரண்டு அடிகளை எழுதுதல். ஒன்று ஊர்த் தாளம், மற்றது பைலா அல்லது பாண்ட் அணிநடை.

5, 6ஆம் வாரம்: 16 அட்டை. ஐந்தாம் வாரம் நம் எழுத்து, ஆறாம் வாரம் ஐந்து கோடு. நாளுக்குப் பத்துப் புது வரிசை.

7ஆம் வாரம்: 6/8, 5/4, 7/8இல் நான்கு நான்கு பார். கட்டைப் பார்த்துச் சொற்கட்டைத் தலையில் எழுதிவிட்டுப் படித்தல். நான்குக்கு மூன்று, நாளுக்கு ஐந்து நிமிடம்.

8ஆம் வாரம்: ஆசிரியர் இதுவரை காட்டாத ஒரு பக்கத்தைக் கொடுக்க வேண்டும். மாணவன் அரை நிமிடம் தாளைப் பார்க்கலாம், வாயசைக்கலாம், மேளத்தைத் தொடக்கூடாது. பிறகு மெட்ரோனோம் 50இல் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நிற்காமல் அடிக்க வேண்டும். கைத்தொலைபேசியில் பதிவு செய்து, இருவரும் தாளை வைத்துக்கொண்டு கேட்டு, தவறிய இடங்களைப் பென்சிலால் குறிக்க வேண்டும். குறிகள் கார்வைகளில் விழுந்திருந்தால் மூன்றாம் வாரத்துக்குத் திரும்பலாம். கோட்டின் மேல் விழுந்திருந்தால் வளைகோட்டுப் பயிற்சிக்கு. எங்கும் பரவி விழுந்திருந்தால் வேகத்தை 40க்கு இறக்கி, மறுநாள் வேறு பக்கத்தோடு மீண்டும் பார்க்கலாம். நான்கு குறிக்குக் கீழே இருந்தால் அடுத்த அத்தியாயத்தில் உள்ள மோரா, கோர்வைப் பாடங்களைத் தாளிலிருந்தே தொடங்கலாம்.